ஒரிஜினல் கொடுத்தவள்

கொண்டுபோய்விட்டாள். கொண்டுபோகட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நிமிஷம் என்று இங்கிலீஷில் சொன்னாள், என் பாஸ்போர்ட்டையும் அதோடு இருந்த தாள்களையும் அடுக்கி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள், பின்னால் இருக்கிற பழுப்புக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு தானாகவே சாத்திக்கொண்டது. அதில் கண்ணாடி கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஊசி ஓட்டைகூடக் கிடையாது. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வெறுங்கையோடு நிற்கிறேன். செண்பகவல்லி, நீயா கொடுத்தாய்? உன் கையாலேயா எடுத்துக் கொடுத்தாய்? இனிமேல் எந்த ஒரிஜினலையும் கவுண்டர் தாண்ட விடமாட்டேன் என்று கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சத்தியம் பண்ணினவள் நீதானே? முதலில் ஜெராக்ஸைத்தான் நீட்டினேன். ஊரிலிருந்தே கொண்டுவந்த ஜெராக்ஸ். பக்கத்துக்குப் பக்கம் கெசட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியது. அந்தப் பச்சைக் கையெழுத்துக்காக அரை நாள் ஒரு பெஞ்சில் தவம் கிடந்தேன். இவள், சட்டையில் குத்தியிருக்கிற அட்டையில் பமீலா என்று இருக்கிறது, அந்த ஜெராக்ஸை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காமல் என் பக்கமே தள்ளிவிட்டாள். நகல் செல்லாதாம், ஒரிஜினல் மட்டும்தானாம். இந்த நாட்டில் சம்பளம் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஒன்பது இலக்கத்தில் ஒரு எண் தருகிறது. ஓராண்டு ஆராய்ச்சிப் பரிமாற்றத்தில் வந்திருக்கிற எனக்கும் அது வேண்டும். அது வராமல் பல்கலைக்கழகம் என்னைத் தன் ஆளாக ஏற்றுக்கொள்ளாது, கரிசல் மண்ணை வைத்து நான் செய்யவந்த சோதனைக்கு ஆய்வுக்கூடச் சாவி தராது. வந்த கையோடு கேட்கக் கூடாது, உன் பெயர் அரசாங்கக் கம்ப்யூட்டரில் ஏறட்டும், பிறகு போ என்றார்கள் பல்கலைக்கழகத்தில். பொறுத்தேன். இன்றைக்கு இரண்டு பஸ் மாறி வந்து இந்த ஜன்னலில் நிற்கிறேன்.

ஒரு நிமிஷம் என்றாளே, அது எப்போதோ முடிந்துவிட்டது. பக்கத்து ஜன்னலில் ஒருவர் வந்து வேலை முடிந்து போயேவிட்டார். மேசையில் அவளுடைய காப்பிக் கோப்பை இருக்கிறது, அதில் ஆவி பறந்துகொண்டிருந்தது, இப்போது இல்லை. உள்ளே யாரிடம் காட்டுகிறாள்? எதற்குக் காட்ட வேண்டும்? இந்த ஊரில் என்னை யாருக்குத் தெரியும்? வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரிக்கு என் பெயர் ‘செண்’. அதற்கு மேல் அவளுக்கு நாக்கு வரவில்லை. ரோட்டில் யாராவது நிறுத்தி நீ யார் என்று கேட்டால் எடுத்து நீட்ட அந்த நீலப் புத்தகம் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் இப்போது கதவுக்குப் பின்னால். தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வாங்குகிறவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் வாங்குகிறார்கள். ஊரில் நான் வேலை பார்த்த கல்லூரியை நடத்துகிற அந்தக் கரஸ்பாண்டன்டும் சிரித்தான். அவனை அவன் என்றுதான் சொல்வேன், கடல் தாண்டி வந்தும் ‘சார்’ போடுவதற்கு எனக்கென்ன தலையெழுத்தா? கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, சுழல் நாற்காலி. “இனிமே நீ நம்ம குடும்பம்மா. ஒரிஜினல் எல்லாத்தையும் ஆபீஸ்ல குடுத்துரு. சும்மா வெரிஃபிகேஷனுக்குத்தான்” என்றான். குடும்பத்தில் யாராவது சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் பூட்டுவார்களா? அப்போது அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டிலிருந்து எம்.இ. பட்டம் வரைக்கும் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கியே என்னைப் படிக்கவைத்தவர். பட்டம் வாங்கிவந்த அன்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அந்தத் தாளைத் தொட்டார். அதைக் கல்லூரி ஆபீஸ்காரர் எச்சில் தொட்டு எண்ணி ஒரு பழைய கவரில் திணித்தார். ரசீது கேட்டேன். ரசீதா என்று மூன்று பேர் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

காவலாளி வருகிறார். உயரமான பெரியவர், இடுப்பில் சாவிக்கொத்து. மேடம், அங்கே நாற்காலி இருக்கிறது, போய் உட்காருங்கள், அவர்களே கூப்பிடுவார்கள் என்கிறார். குரலில் ஒரு குறையும் இல்லை, மரியாதையாகத்தான் சொல்கிறார். மரியாதையைக் கண்டால்தான் எனக்கு இப்போதெல்லாம் பயம். உட்காரு என்று சொன்னதும் உட்கார்ந்தே பழகிய உடம்பு இது. முழங்கால் தானாக மடியப் பார்க்கிறது. திரும்பிப் பார்க்கிறேன், நாற்காலி தூரத்தில், சுவர் ஓரமாக, அங்கே உட்கார்ந்தால் தூண் மறைக்கும், கதவு தெரியாது. மாட்டேன். “என் பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறது. அது கைக்கு வந்ததும் உட்காருகிறேன்” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்கிறேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து, தோளைக் குலுக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறார். எனக்குப் பின்னால் வரிசையில் ஒருவர் பெருமூச்சு விடுவது கேட்கிறது. விடட்டும். குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மடையன் என்பார்கள். குட்டுகிறவன் எங்கே மடையனாக இருக்கிறான்? அவன் கல்லூரிக்கு மேல் கல்லூரி கட்டிக்கொண்டிருக்கிறான். மடத்தனம் முழுக்கக் குனிந்தவள் பங்கு.

அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வு எழுதியிருந்தேன். வீட்டில்கூட முழுசாகச் சொல்லாமல், விடிகாலையில் அடுப்படியில் உட்கார்ந்து படித்து எழுதின தேர்வு. பெயர் வந்தது. பட்டியலில் கீழே எங்கோ இல்லை, நல்ல இடத்தில் வந்தது. ஒரிஜினல்களோடு சான்றிதழ் சரிபார்ப்புக்குச் சென்னை வா என்று கடிதம் வந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போனேன். இரண்டே நாள், காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து இதே மேசையில் வைத்துவிடுகிறேன் என்றேன். அவன் கடிதத்தைப் படித்தான், பிரின்சிபாலைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினான், பார்த்தீர்களா நம்ம பிள்ளை கெட்டிக்காரி என்றான். அப்புறம் மடித்து என்னிடமே கொடுத்தான். “இன்ஸ்பெக்ஷன் வருதும்மா. வர்றவங்க ஸ்டாஃப் ஒரிஜினலைக் கேட்டா நான் எதைக் காட்டுவேன்? இன்ஸ்பெக்ஷன் முடியட்டும், நானே ஆள்கிட்டக் குடுத்து விடுறேன்.” இன்ஸ்பெக்ஷன் அடுத்த மாதம், சரிபார்ப்பு வருகிற திங்கள். அது அவனுக்கும் தெரியும். பீரோ அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே இருக்கிறது, சாவி பூட்டிலேயே தொங்குகிறது. கையை நீட்டினால் எட்டும். நான் கையை நீட்டவில்லை. வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? “தேங்க்யூ சார்” என்றது. எதற்கு நன்றி? என் வாழ்க்கையை மடித்து என் கையிலேயே கொடுத்ததற்கா? நினைக்கும்போது இந்த ஜன்னல் கண்ணாடியை ஓங்கி அறையலாம் போல இருக்கிறது, இந்தக் கண்ணாடி என்ன பாவம் செய்தது. சென்னைக்கு ஜெராக்ஸோடு போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பரிதாபப்பட்டே கேட்டாள், “ஒரிஜினல் இல்லாம எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்த?” அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த ஆள் என் முழங்கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தது இன்னும் எனக்கு வலிக்கிறது.

கதவு அசைகிறது. இல்லை, வேறு யாரோ. கையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு இளைஞன் வெளியே வந்து போகிறான். கதவு திறந்திருந்த அந்த ஒரு நொடியில் உள்ளே வெள்ளை விளக்கும் ஒரு மேசை ஓரமும் தெரிந்தது, பமீலா தெரியவில்லை. போய்விட்டாளா? சாப்பிடப் போய்விட்டாளா? பின்பக்கமாக வாசல் இருந்தால்? சீ, பைத்தியம், அவள் உன் பாஸ்போர்ட்டை வைத்து என்ன செய்யப்போகிறாள்? அப்படித்தான் அன்றைக்கும் நினைத்தேன். என் சர்டிபிகேட்டை வைத்து அவன் என்ன செய்யப்போகிறான் என்று. ஒன்றும் செய்யவில்லை, சும்மா பூட்டிவைத்தான். அவனுக்கு அது ஒன்றுக்கும் உதவாது, எனக்கு அதுவே எல்லாம். அதுதான் அவனுக்கு வசதி. என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி அப்போதும் சொன்னார், பகைத்துக்கொள்ளாதே, பொறுத்துப் போ, பெரிய இடம் என்று. அவர் நல்லவர். யாரோடும் சண்டை போடாத நல்லவர். சண்டை போடாதவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் டூப்ளிகேட் வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான். டூப்ளிகேட் வேண்டும் என்றால் ஒரிஜினல் தொலைந்திருக்க வேண்டும். தொலைந்தது என்று போலீஸ் எழுதித் தர வேண்டும். ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் டீ குடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். “காலேஜ்காரன் வச்சிருக்கான்னு எழுதுனா அது கேஸு. கேஸு முடியுறதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிருவ. பஸ்ல போகும்போது தொலைஞ்சு போச்சுன்னு எழுதும்மா, சட்டுனு முடிஞ்சுரும்” என்றார். நல்லது சொல்வதாகத்தான் சொன்னார். எழுதினேன். சாத்தூரிலிருந்து கோவில்பட்டி வரும் வழியில் பேருந்தில் தவறவிட்டுவிட்டேன் என்று எழுதினேன். அவர் வாசித்துவிட்டு, ‘எனது கவனக்குறைவினால்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளச் சொன்னார், அது இருந்தால் தாசில்தார் ஆபீஸில் கேள்வி வராதாம். சேர்த்தேன். என் கவனக்குறைவு. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். இங்கே கொட்டியது எனக்கு, வாயைப் பொத்திக்கொண்டதும் நான்தான், திருடியவன் சுழல் நாற்காலியில்.

அதோடு விட்டதா? பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்றார்கள். என் பெயர், பதிவு எண், காணாமல் போய்விட்டது, கண்டெடுத்தவர்கள் தெரிவிக்கவும். தெருவே படித்தது. படித்த பிள்ளை சர்டிபிகேட்டைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்திருக்கிறதே, புருஷனைப் பத்திரமாக வைத்திருக்கிறதா என்று மாவு மில்லில் ஒருத்தி கேட்டாளாம். அதைக்கூடச் சகித்துக்கொண்டேன். மறுநாள் கல்லூரி வராந்தாவில் கரஸ்பாண்டன்ட் எதிரே வந்தான். நின்றான். “பேப்பர்ல பாத்தேன். என்னம்மா, ஜாக்கிரதையா இருக்க வேண்டாமா?” என்றான். பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களும் உச்சுக்கொட்டினார்கள். அவன் முகத்தில் கிண்டல் இருந்ததா என்று இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டான். தன் பீரோவில் இருப்பதை நான் பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று அவனே நம்பிவிட்டான், அல்லது நம்புவது அவனுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. டூப்ளிகேட் வந்தது. ஒவ்வொரு தாளிலும் குறுக்கே சிவப்பில் டூப்ளிகேட் என்று முத்திரை. அதை வைத்துத்தான் வேறு கல்லூரி, அதை வைத்துத்தான் பிஎச்.டி., அதை வைத்துத்தான் இந்த ஊர். எங்கே நீட்டினாலும் முதலில் அந்தச் சிவப்பைத்தான் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு ஒரிஜினல் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். தொலைத்துவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்தப் பஸ்ஸின் நிறம் தெரியும், நான் உட்கார்ந்த ஜன்னல் சீட் தெரியும். நடக்காத ஒன்று நடந்ததைவிட எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. இங்கே கொஞ்ச நேரத்துக்கு முன் பமீலா கொடுத்த தாளின் அடியில், எழுதியதெல்லாம் உண்மை, பொய்யென்றால் தண்டனைக்குரியது என்று போட்டிருந்தது. கையெழுத்துப் போடும்போது விரல் தயங்கியது. ஒரு பொய்யும் எழுதவில்லை, ஆனாலும் தயங்கியது. உண்மையை எழுதக்கூட இந்தக் கைக்குப் பயம் பிடித்துவிட்டது என்றால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

வந்துவிட்டாள். கையில் தாள்கள். நாற்காலியில் உட்கார்ந்து, ஜெராக்ஸ் மிஷின் தாளைக் கடித்துக்கொண்டுவிட்டது, அதுதான் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கண்ணாடிக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் எல்லாவற்றையும் தள்ளுகிறாள். எண் தபாலில் வரும், அவ்வளவுதான், நல்ல நாளாக இருக்கட்டும் என்கிறாள். கூடவே எனக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்துச் சைகை காட்டுகிறாள். நான் நகரவில்லை. விசா தாள் இருக்கிறது. பல்கலைக்கழகக் கடிதம் இருக்கிறது. நாட்டுக்குள் வந்த தேதி போட்ட தாள் இருக்கிறது. நீலப் புத்தகம் இல்லை. மறுபடி புரட்டுகிறேன். இல்லை. காவலாளி ஓரடி முன்னால் வருகிறார், நகருங்கள் மேடம் என்று சொல்லப்போகிறார், உடம்பு மறுபடி மடியப் பார்க்கிறது. “பாஸ்போர்ட்” என்கிறேன். எல்லாம் கொடுத்துவிட்டேனே என்கிறாள் பமீலா. “கொடுக்கவில்லை. என் பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறது. போய் எடுத்துவாருங்கள்.” சத்தமாகத்தான் சொன்னேன். ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. அவள் முகம் சிவந்தது, மேசையைத் துழாவினாள், இழுப்பறையைத் திறந்தாள், எழுந்து உள்ளே ஓடினாள். ஓடினாள் என்பது உண்மை, நடக்கவில்லை. போன வேகத்தில் திரும்பி வந்தாள், கையில் நீலப் புத்தகம். மிஷினின் கண்ணாடித் தட்டின் மேலேயே கவிழ்த்து வைத்துவிட்டேன், மூடியைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன், நீங்கள் நிற்காமல் போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்றாள். என் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் என்னிடம் என் தப்பு என்று சொல்வதை முப்பத்தேழு வயதில் முதல் தடவையாகக் கேட்கிறேன். பரவாயில்லை என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாம் எல்லாரும் அதை எச்சில் மாதிரி வாயில் வைத்துக்கொண்டே திரிகிறோம். விழுங்கினேன். பரவாயில்லை இல்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து என் படத்தைப் பார்த்தேன், மூடினேன், ஆமாம், உங்கள் தப்புத்தான் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வானம் இடிந்து விழவில்லை. ஒருத்தர் தப்பு என்று சொல்ல இவ்வளவுதான் நேரம் பிடிக்கும் என்றால், அந்த ஆளுக்கு ஏன் இத்தனை வருஷம் போதவில்லை? எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் இன்னும் கூடுகிறது.

வெளியே வெயில் அடிக்கிறது, ஆனால் சூடு இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று வீட்டுக்குப் போன் போடுகிறேன். அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும், டி.வி. சத்தம் கேட்கிறது. கிடைத்துவிட்டதா என்று கேட்கிறார் சங்கரபாண்டி. தபாலில் வரும் என்கிறேன். சந்தோஷப்படுகிறார், சாமிக்குத் தேங்காய் விடலாம் என்கிறார். நான் உள்ளே நடந்ததைச் சொல்லவில்லை. வேறு ஒன்று வாயில் வந்து நிற்கிறது.

“ஊருக்கு வந்ததும் முதல் வேலையா அந்தக் காலேஜுக்குப் போறேன். என் ஒரிஜினலைக் கேக்கப் போறேன்.”

“அதான் டூப்ளிகேட் வாங்கியாச்சே. இன்னும் எதுக்கு அவன்கிட்டப் போய் நிக்கணும்?”

“அது என்னோடது. அதுக்குத்தான்.”

டி.வி.யின் சத்தம் குறைகிறது. குறைத்துவிட்டு யோசிக்கிறார் போலிருக்கிறது. அப்புறம், சரி, நானும் கூட வர்றேன் என்கிறார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவரிடம் கேட்காதது, பெட்டி பெட்டியாகக் கார் போகிற இந்த ரோட்டோரத்தில் நின்று கேட்டுவிட்டேன்.

“சென்னை லெட்டரோட நான் கேக்கப் போன அன்னைக்கும்தான் கூட வந்தீங்க. காலேஜ் கேட்டுக்கு வெளியில வண்டியில உக்காந்திருந்தீங்க. நான் வெறுங்கையோட வந்தப்ப ஒண்ணுமே கேக்காம ஹெல்மெட்டை எடுத்து நீட்டுனீங்க. உள்ள போயி ஏன்யா தரமாட்டேங்கிறன்னு ஒரு வார்த்தை கேக்கலையே.”

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்க்கிறேன், போகவில்லை. தூரத்தில் பஸ் திரும்புகிறது. வைத்துவிடலாமா என்று நினைக்கும்போது சொல்கிறார்.

“இந்தத் தடவை உள்ள வர்றேன், செண்பகம்.”

பாஸ்போர்ட்டைக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டு இழுத்து மூடுகிறேன். பஸ் வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது. “பாப்போம்” என்று சொல்லிவிட்டு ஏறுகிறேன்.